வணிகக் கல்லூரியில் வியாபாரம் தடை

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், சுருவில் சந்தியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஒரு மாடிவீடு தெரியும். மாத்தறையில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்தின் வீடு. அவர்கள் எல்லாரும் சுவிஸ் போய்ச் சேர்ந்த பிறகு அதில் வௌவால்கள் இருந்தன. வௌவால்களைக் கலைத்துவிட்டு அங்கே 'சப்ததீவு சர்வதேச வணிக முகாமைத்துவ உயர் கல்லூரி' தொடங்கினார்கள். பெயர்ப்பலகை வீட்டின் முகப்பைவிட நீண்டுபோனதால் 'கல்லூரி' என்ற கடைசிச் சொல் மதிலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் நின்றது. அந்த வளவுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. அவருடைய பசு மத்தியானத்தில் அதன் நிழலில் படுத்து அசைபோட்டது.

புளியங்கூடல் கஜாலினி அந்தக் கல்லூரியில் சேர்ந்தது ஆசைப்பட்டுத்தான். உயர்தரத்தில் வணிகப்பிரிவில் நன்றாகச் செய்திருந்தாள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போயிற்று. கனடாவில் இருந்த மாமன், "படிக்கட்டும், நான் பாக்கிறன்" என்றார். தகப்பன் தோட்டக்காரர். வெங்காயத்துக்கு விலை வருகிற வருசம் மட்டும் பேசுவார். அது விலை வராத வருசம். ஆகவே தாய் நிமலினிதான் நேர்முகத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பணிப்பாளர் கலாநிதி பரராசசிங்கம் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் லண்டனில் கனகாலம் இருந்துவிட்டு வந்தவர். கலாநிதிப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தந்தது என்று யாராவது கேட்டால் "வெளிநாடு" என்பார். அவருக்குப் பக்கத்தில் பதிவாளர் சறோஜினிதேவி, விதிக்கோவையை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அதை அடிக்கடி குனிந்து பார்த்தார்.

"நீர் ஏன் வணிகம் படிக்க விரும்புகிறீர்?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"கடை ஒண்டு போடவேணும் சேர்."

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை," என்றார் பணிப்பாளர், செத்தவீட்டில் ஆறுதல் சொல்கிற குரலில். "நாங்கள் இங்கே கடைக்காரரை உருவாக்குவதில்லை. தலைவர்களை உருவாக்குகிறோம். தலைவர்களுக்குக் கடை தேவையில்லை."

கஜாலினிக்கு அது விளங்கவில்லை. ஆனால் விளங்காத விசயம் உயர்ந்த விசயமாகத்தான் இருக்கும் என்று நம்பித் தலையாட்டினாள். இடம் கிடைத்தது.

முதல் நாளே கழுத்துப்பட்டி கொடுத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரேமாதிரி நீலப்பட்டி. மேலே ஒரு கறுத்தக் கோட்டு. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம். கடற்கரையிலிருந்து அடிக்கிற காற்றில் பட்டி எழும்பி முகத்தில் அடித்தது. சந்தியில் நின்ற சனம் பரிதாபப்பட்டது. "சேர், ஊசி குத்தி வைக்கலாமோ?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "சர்வதேசத் தரத்தில் ஊசி இல்லை" என்று பதில் வந்தது.

படிப்பு தொடங்கியது. சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி என்று சொல்கிற முயற்சியாண்மைப் பாடம் எடுத்தவர் நிசாந்தன் என்ற இளம் விரிவுரையாளர். நல்ல மனுசன். சந்தையில் தேங்காய் வாங்கவும் மனுசியைத்தான் அனுப்புவார், விலை கேட்கக் கூச்சம். அவர் பனிச்சப்பாத்து விற்று முன்னுக்கு வந்த ஒரு நோர்வேக்காரனைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படிப்பித்தார். பனியை அவரும் பார்த்ததில்லை, பிள்ளைகளும் பார்த்ததில்லை. வழங்கல் சங்கிலி என்று இன்னொரு பாடம். ஜப்பானில் ஒரு கார்த் தொழிற்சாலைக்குச் சக்கரம் எப்படி நேரம் தவறாமல் வந்து சேர்கிறது என்பது அதில் முக்கிய பகுதி. அந்த விரிவுரை பெரும்பாலும் நடக்கவில்லை. படிப்பிப்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும், பஸ் கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் பழுதாகி நின்றுவிடும்.

நேரம் தவறாமல் நடந்தவை திறப்பு விழாக்கள்தான். கல்லூரியில் எந்தப் பொருள் வந்தாலும் அதற்கு நாடா கட்டினார்கள். நூலகம் திறந்தார்கள், புத்தகம் பிறகு வருமாம். கணினிக்கூடம் திறந்தார்கள், மின்சாரம் பிறகு வருமாம். ஒருமுறை தண்ணீர்த்தாங்கியைத் திறந்துவைக்க முன்னாள் பாடசாலை அதிபர் ஒருவர் வந்து, குழாயைத் திருகி, ஒரு மிடறு குடித்து, உப்புக்கரித்த முகத்துடன் "அருமை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிற்றுண்டிச்சாலையும் அப்படித்தான். குத்துவிளக்கு ஏற்றி, நாடா வெட்டி, பொன்னாடை போர்த்தி, நன்றியுரை முடித்து, கதவைப் பூட்டித் திறப்பைப் பதிவாளர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது ஏன் பூட்டியிருக்கிறது என்று மிதுஷன் கேட்டான். வேலணைப் பக்கத்துப் பொடியன், எப்போதும் பசியோடு இருப்பவன்.

"அதற்கான மூலோபாயத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது" என்றார் பதிவாளர்.

"சோறு எப்ப மிஸ் வரும்?"

"திட்டம் வந்த பிறகு."

பக்கத்தில் கடை இல்லை. இருந்த ஒரு கடைக்கும் வெயிலில் கனதூரம் நடக்கவேண்டும். போய்வந்தால் பின்னேர வகுப்புப் பிந்திவிடும். பிந்தினால் தண்டம். ஆகவே பிள்ளைகள் உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு முகாமைத்துவம் படித்தார்கள்.

தலைமைத்துவ தினம் வந்தது. எல்லாரையும் முற்றத்தில் வெயிலில் நிற்கவைத்து, 'உற்பத்தித்திறன் மிக்க இளைஞர்' என்ற தலைப்பில் பணிப்பாளர் பேசினார். "எழுங்கள்! நிமிருங்கள்! தீவகத்தின் முதுகெலும்பே!" என்று அவர் கையை உயர்த்திய கணத்தில் மிதுஷன் மரம் சரிவதுபோல விழுந்தான். பணிப்பாளர் ஒரு நொடி பார்த்துவிட்டு, "பேச்சின் வேகத்தைத் தாங்காத உள்ளம்" என்று சொல்லித் தொடர்ந்தார்.

கஜாலினிதான் ஓடிப்போய் அவனை மாமரத்தடிக்கு இழுத்தாள். தன் பைக்குள் இருந்த புட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, கொஞ்சம் சம்பல். அவன் கண்ணைத் திறக்க முந்தி வாயைத் திறந்தான்.

"ஆர் அவிச்சது?"

"அம்மா."

"நாளைக்கும் அவிப்பாவோ?"

அதுதான் தொடக்கம். அடுத்த நாள் மிதுஷனுக்கு ஒரு பொட்டலம். அதற்கடுத்த நாள் அவனோடு ஒரே வாங்கில் இருந்த எல்லாருக்கும், காசுக்கு. பிறகு கஜாலினி யோசித்தாள். யார் யாருக்கு உறைப்பு ஆகாது, யார் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் தொடமாட்டார்கள் என்று கேட்டு மனதில் வைத்தாள். குரக்கன் புட்டையும் சின்னமீன் குழம்பையும் சேர்த்தாள். அம்மா புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி போதவில்லை என்று இன்னொன்று வாங்கினார்கள். தகப்பன் பேசாமல் கறுத்தக் கத்தரி கொஞ்சம் கூடுதலாக நட்டார். நிசாந்தன் சேர்கூடக் கரும்பலகைக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். நோர்வேக்காரனைப் பற்றி அன்றைக்கு அவர் மிகவும் உருக்கமாகப் பேசினார்.

கஜாலினிக்கு வணிகம் விளங்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். நேற்று மிஞ்சியது ஏன், இன்று போதாமல் போனது ஏன் என்று பஸ்ஸில் வரும்போது நினைப்பாள். நினைக்கும்போது சந்தோசமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை விசாரணைக்கு அழைத்தார்கள். தாயையும் வரச்சொல்லியிருந்தது. நிமலினி கல்யாணவீட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். மகள் ஏதோ பரிசு எடுத்திருக்கிறாள் என்று பாதிவழி வரைக்கும் நம்பியிருந்தாள்.

மேசைக்கு அந்தப்பக்கம் பணிப்பாளர், பதிவாளர், நிசாந்தன். இந்தப்பக்கம் போடப்பட்டிருந்தது ஒரேயொரு கதிரை. அதில் தாயை இருத்திவிட்டுக் கஜாலினி நின்றாள். மேசை நடுவில், சான்றாக, ஒரு புட்டுப் பொட்டலம். அதை யாரோ கொஞ்சம் சாப்பிட்டிருந்தது தெரிந்தது.

பதிவாளர் விதிக்கோவையை வாசித்தார்: "வளாகத்தினுள் எவ்வித வணிக நடவடிக்கையிலும் மாணவர் ஈடுபடலாகாது."

"மிஸ், இது வணிகக் கல்லூரிதானே?" என்றாள் கஜாலினி.

"அதனால்தான்!" பணிப்பாளர் எழும்பிவிட்டார். பேச்சு வந்துவிட்டால் அவரால் இருக்க ஏலாது. "இது வணிகத்தைக் கற்கும் இடம். செய்யும் இடமல்ல. என்னைப் பாரும். எத்தனையோ வருடமாக வணிகம் போதிக்கிறேன். ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை! அதுதான் தூய்மை. ஒருவர் விற்கத் தொடங்கினால், பிறகு வாங்குகிறவனின் முகத்தைப் பார்ப்பார். அவன் சொல்வதைக் கேட்பார். முகாமைத்துவம் அங்கேயே செத்துப்போகும்!"

"ஆனா சேர், துணிஞ்சு இறங்குறதுதான் முயற்சியாண்மை எண்டு நிசாந்தன் சேர் படிப்பிச்சவர்."

எல்லாரும் நிசாந்தனைப் பார்த்தார்கள். அவர் புட்டைப் பார்த்தார்.

"துணிவு அவசியம்," என்றார் பதிவாளர். "முன் அனுமதி பெற்ற துணிவு. விண்ணப்பித்திருந்தால் பரிசீலித்திருப்போம்."

"பரிசீலிச்சு?"

"மறுத்திருப்போம். முறைப்படி."

அதுவரைக்கும் சேலைத்தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த நிமலினி மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, நான் அவிச்ச புட்டிலை என்ன குறை?"

"அம்மா, குறை புட்டில் இல்லை. கோட்பாட்டில்."

"கோட்பாடு எனக்குத் தெரியாது. பிள்ளையள் பசியிலை விழுந்தது எண்டு இவள் வந்து சொன்னவள். விடியக் கிழங்கு அவிக்கிற கையாலை புட்டு அவிச்சன். வேறை ஒண்டும் செய்யேல்லை."

பணிப்பாளர் அவளை இரக்கத்தோடு பார்த்து, பசி என்பது ஒரு மனநிலை என்று விளக்கினார். பிறகு தீர்ப்பு. தவறை உணர்ந்து மன்னிப்புக் கோருவதாகக் கையெழுத்து வைத்தால் ஒரு கண்டிப்போடு விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரு பருவம் இடைநிறுத்தம்.

பதிவாளர் பேனையை நீட்டினார். தாய் மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கனடா மாமன் இருந்தார், ஊர்வாய் இருந்தது. ஆனால் பேனையைப் பார்க்கப் பார்க்கக் கஜாலினிக்குக் கோபம் வந்தது.

"நான் களவெடுக்கேல்லை சேர். கையெழுத்து வைக்கமாட்டன்."

வெளியே வந்ததும் நிமலினி சந்திக்கு நடந்தாள். பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "அந்தப் பொட்டலத்திலை பாதியை ஆர் சாப்பிட்டது?" என்றாள்.

"பதிவாளராத்தான் இருக்கும். வாயோரத்திலை தேங்காய்ப்பூ இருந்தது."

நிமலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுச்சந்தியில், கல்யாணவீட்டுச் சேலையோடு, கண்ணீர் வரச் சிரித்தாள். அழுகையும் அதில் கொஞ்சம் கலந்துதான் இருந்தது. "சரி, நாளைக்கும் அவிப்பம்," என்றாள்.

அடுத்த நாள் கஜாலினி கழுத்துப்பட்டி இல்லாமல் வந்தாள். கல்லூரி வாசலுக்கு எதிரே, வீதிக்கு அந்தப்பக்கம், ஒரு பூவரசின் கீழ் மேசை போட்டாள். வீதி பிரதேச சபையுடையது. சபையில் போய்க் கேட்டு அனுமதியும் எடுத்துவிட்டாள். மத்தியானம் மணியடித்ததும் கல்லூரி முழுவதும் வீதியைக் கடந்தது.

பணிப்பாளர் மத்தியானத்தில் வாயிற்கதவைப் பூட்டச் சொன்னார். பிள்ளைகள் கம்பிக்கிடையால் கையை நீட்டினார்கள். கம்பிக்குத் தகரம் அடித்தார். பொட்டலங்கள் மதிலுக்கு மேலால் போயின. மதிலின் மேல் உடைந்த போத்தல் துண்டு பதிக்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைத்தார். குழுவுக்கு அங்குரார்ப்பண விழா வைத்தார்கள். விழாவுக்கு வந்த விருந்தினர், "எங்கையோ புட்டு மணக்குது" என்று பேச்சை இடையில் நிறுத்திக் கேட்டார்.

அப்படியிருக்கையில் கொழும்பிலிருந்து தரமதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. கல்லூரி தன் ஆண்டறிக்கையில், 'எமது தொழில் வளர்ப்பகத்தின் கீழ் மாணவர் நடத்தும் முயற்சிகள் தீவகமெங்கும் தழைத்தோங்குகின்றன' என்று எழுதியிருந்தது. குழு அந்தத் தழைப்பைக் கண்ணால் பார்க்க விரும்பியது. வளர்ப்பகம் என்று ஒன்று இல்லை. அவசரமாகச் சிற்றுண்டிச்சாலையின் பூட்டைத் திறந்து, 'கல்லூரித் தொழில் வளர்ப்பகம்' என்று பதாகை கட்டினார்கள். இனி உள்ளே வைக்க ஒரு தொழில் வேண்டும்.

நிசாந்தன் வீதியைக் கடந்து வந்தார். மேசைக்கு முன்னால் நின்று, விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்போல நெளிந்தார்.

"கஜாலினி, உம்மை உள்ளை வந்து ஒரு நாள் மேசை போடச் சொல்லுகினம். இடைநிறுத்தத்தை நீக்கிவிடுவினம். டிப்ளோமாவும் தருவினம். ஒரேயொரு கையெழுத்து. பணிப்பாளருடைய வழிகாட்டலிலைதான் இந்தத் தொழில் தொடங்கினது எண்டு."

டிப்ளோமா அவளுக்கு வேண்டும். மாமன் வாரம் தவறாமல் தொலைபேசியில் அதைத்தான் கேட்கிறார். அம்மா அதைச் சுவரில் மாட்ட இடம்கூடப் பார்த்துவைத்தவள்.

"சேர், நீங்கள் சொல்லுங்கோ. நான் வைக்கலாமோ?"

நிசாந்தன் கடலைப் பார்த்தார். "எனக்குச் சம்பளம் தாறது அவையள், பிள்ளை" என்றார்.

"அப்ப நான் வாறன். ஆனா கையெழுத்து வைக்கமாட்டன். ஆரும் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன். இதை அப்பிடியே போய்ச் சொல்லுங்கோ."

நிசாந்தன் அப்படியே போய்ச் சொன்னார். பணிப்பாளரின் காதில் 'வாறன்' மட்டும் விழுந்தது.

குழு வந்த அன்று நாதஸ்வரம் ஒலித்தது. தலைவி மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பொன்னாடையை வாங்கி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, "எங்கே வளர்ப்பகம்?" என்றார். கஜாலினியின் நீத்துப்பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். அவளுக்குத் துணையாக மிதுஷனைப் 'பனஞ்சவர்க்காரத் தொழிற்சாலை முகாமைப் பணிப்பாளர்' என்ற அட்டையோடு, கையில் ஒரு சவர்க்காரத்தைக் கொடுத்து, பக்கத்து மேசையில் நிறுத்தியிருந்தார்கள்.

"இந்தத் துளிர்கள்," என்று பணிப்பாளர் தொடங்கினார், "எமது நிழலில் முளைத்தவை. இந்தப் பிள்ளை வந்தபோது ஒரு கடை போடவேண்டும் என்ற சின்ன ஆசையோடு வந்தது. அந்த ஆசையை நாம் கண்டித்தோம், செதுக்கினோம், தடைகளைக் கொடுத்தோம். தடை கொடுப்பதே எமது கற்பித்தல் முறை!"

தலைவி கஜாலினியிடம் திரும்பினார். "எப்ப தொடங்கினீங்க மகள்?"

"போன பருவம் மேடம். சிற்றுண்டிச்சாலை பூட்டிக் கிடந்தது, பிள்ளையள் பசியிலை விழுந்தவை. அதுதான் தொடங்கினனான். விசாரணை வைச்சு என்னை இடைநிறுத்தினவை. இப்பவும் நான் இடைநிறுத்தத்திலைதான் நிக்கிறன். கடை வெளியிலை, அந்தப் பூவரசுக்குக் கீழை. இந்தப் பதாகை இண்டைக்கு விடியத்தான் கட்டினது."

நாதஸ்வரக்காரர் நிலைமை விளங்காமல் மங்கள இசையை ஒருமுறை ஊதினார். பதிவாளர் கைகாட்டி நிறுத்தினார்.

தலைவி மிதுஷனைப் பார்த்தார். "தம்பி, உங்கட தொழிற்சாலை எங்கே இருக்கு?"

மிதுஷன் சவர்க்காரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் கடைச்சீட்டு ஒட்டியிருந்தது. "வேலணைக் கடையிலை இருக்கு மேடம். இன்னும் நிறைய இருக்கு."

பணிப்பாளர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "பார்த்தீர்களா, நேர்மை! இதையும் நாங்கள்தான் கற்பித்தோம்" என்றார்.

குழு எழுதிக்கொண்டு போனது. போகும்போது எல்லாரும் பூவரசடியில் வாகனத்தை நிறுத்தச்சொல்லிப் புட்டு வாங்கினார்கள். கல்லூரிக்குக் 'குறைகளைத் திருத்தும் காலம்' வழங்கப்பட்டது. குறைகளைத் திருத்தும் பிரிவுக்குப் பணிப்பாளர் நாடா வெட்டினார்.

திருத்திய முதல் குறை கஜாலினி. அவளை நிரந்தரமாக வெளியேற்றினார்கள். காரணம்: 'உண்மையை முன் அனுமதியின்றி வெளியிட்டமை.' கஜாலினி அதை மாமனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். "இதை எழுதினது படிச்ச ஆக்கள்தானோ?" என்று கேட்டுவிட்டு, அவர் வேறு எதுவும் கேட்காமல் தொலைபேசியை வைத்துவிட்டார். டிப்ளோமாவை நினைத்து அவள் ஓரிரவு அழுதாள். விடிந்ததும் மாவைக் குழைத்தாள். சந்தியில் தகரக்கொட்டில் போட இடம் பேசியிருந்தார்கள்.

பருவ முடிவில் முயற்சியாண்மைப் பரீட்சை வந்தது. வினாத்தாளைப் பணிப்பாளரே தயாரித்திருந்தார். பரீட்சை முடிந்த கையோடு மிதுஷன் கொட்டிலுக்கு ஓடிவந்தான். சாப்பாடு கேட்கவில்லை, அதுவே அவளுக்குப் பயத்தைத் தந்தது.

"என்னடா, பரீட்சை பிழைச்சுப்போச்சோ?"

"கட்டாய வினா நீதான்."

"நானோ?"

"ஓம். 'தீவகத்தில் உணவுத் தொழில் நடத்தும் இளம் பெண் ஒருவர் குறுகிய காலத்தில் வெற்றி பெற்றுள்ளார். அவரது வெற்றிக்கு அவர் கற்ற நிறுவனம் ஆற்றிய பங்களிப்பை விளக்குக.' ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதவேணுமாம்."

கஜாலினி அகப்பையைக் கீழே வைத்தாள். "நீ என்ன எழுதினனி?"

"ஒரு வரிதான். 'வெளியேற்றியது.' "

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பக்கத்திலை இருந்தவள்?"

"அதேதான். வகுப்பு முழுக்க அதேதான். பதிவாளர் தாளைச் சேர்க்கேக்கை ஒவ்வொண்டாப் பாத்து, முகம் கறுத்து, எல்லாரும் பாத்து எழுதிப்போட்டினம் எண்டு கத்தத் தொடங்கிட்டா. நிசாந்தன் சேர்தான் எழும்பினவர். குரல் கொஞ்சமும் நடுங்கேல்லை."

"என்ன சொன்னவர்?"

"'மேடம், ஒருத்தரும் பாத்து எழுதேல்லை. சரியான விடை ஒண்டுதான் இருக்கு' எண்டு சொல்லிப்போட்டு, அதிலையே நிண்டு எல்லாத் தாளிலையும் அந்த விடைக்கு முழுப்புள்ளி போடத் தொடங்கிட்டார்."